‘இந்தக் குழந்தைகள் அப்படித்தான்’ என்னும் விடை

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தை வளரும் வீட்டில் உறவினரும் அக்கம்பக்கத்தாரும், சில வேளைகளில் மருத்துவரும்கூட, திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு தொடர் உண்டு: ‘இந்தக் குழந்தைகள் அப்படித்தான்.’ கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பகலெல்லாம் சோர்ந்து கிடக்கிறது, பால் குடிக்கையில் வியர்த்துக் கொட்டுகிறது, எடை ஏறவில்லை என்று தாய் கவலையோடு கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இதுவே விடையாக வந்துவிடுவதால், மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்யத்தக்க ஒரு நோய், பிறவி நிலை என்னும் போர்வைக்குள் மறைந்துபோகிறது. மருத்துவ வசதிக்குக் குறைவில்லாத சென்னையின் மேற்கு மாம்பலம் போன்ற பகுதியிலும் இவ்வாறு காலம் வீணாவதற்கு, இந்த விடை கேட்பவருக்கும் சொல்பவருக்கும் எளிதில் நிறைவு தந்துவிடுவதே காரணம். இத்தகைய குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய குடும்பங்களின் அனுபவம் கற்றுத்தரும் முதற்பாடம், அந்த விடையை ஏற்க மறுப்பதாகும்.

மனித உடலின் உயிரணுக்களில், மரபுச் செய்திகளைச் சுமக்கும் நூலிழை போன்ற குரோமோசோம்கள் 23 இணைகளாக, மொத்தம் 46 உள்ளன. டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைகிறது. 1866இல் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விவரித்த இந்நிலைக்குக் காரணம் இதுவே என்பது, பிரான்சில் ஜெரோம் லெஜூனும் மார்த்த கோத்தியேயும் உள்ளிட்டோர் 1959இல் வெளியிட்ட ஆய்வால் உலகுக்குத் தெரிந்தது. ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம், பெரும்பாலும் கருமுட்டை உருவாகும் கட்டத்தில், அந்த இணை பிரியாமல் நின்றுவிடுவதால் மூன்றாவது குரோமோசோம் சேர்கிறது. இது தற்செயலாக நேர்வது, பரம்பரையாக வருவதன்று.

இவ்வளவு தெளிவான செய்தியும் வீட்டுக்குள் வரும்போது ‘யார் வழியில் வந்தது’ என்னும் விசாரணையாக மாறி, பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகிறது. கிரகணத்தன்று வெளியே போனது, சொந்தத்தில் பெண் எடுத்தது, கர்ப்ப காலத்தில் எதையோ தின்றது என்று அடுக்கப்படும் காரணங்கள் எவற்றுக்கும் இதில் இடமில்லை. நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் வேறு சில மரபு நோய்களுக்கான வாய்ப்பு கூடுவது உண்மையே. ஆனால் அந்நோய்கள் தோன்றும் முறை வேறு, குரோமோசோம் பிரியாமல் போவது வேறு. மூன்று நான்கு விழுக்காட்டினரிடம் மட்டும், மிகையான 21ஆம் குரோமோசோம் மற்றொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இடமாற்றம் எனப்படும் இவ்வகையில் தாயோ தந்தையோ எவ்விதக் குறையுமின்றி அதைச் சுமப்பவராக இருக்கக்கூடும் என்பதால், குழந்தையின் முகச்சாயலைக் கண்டு பெயர் சொல்வதோடு நிறுத்தாமல், குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் கேரியோடைப் என்னும் இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்வது அடுத்த குழந்தையைப் பற்றிய முடிவுக்கு இன்றியமையாதது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது என்பது மெய்தான். எனினும் பெரும்பாலான பிரசவங்கள் இளவயதிலேயே நிகழ்வதால் இக்குழந்தைகளில் பலருடைய தாய்மார் முப்பத்தைந்தைத் தாண்டாதவர்களே.

உடல்நலத்தில் முதலிடம் இதயத்துக்கு. இக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறது. நுரையீரலில் இரத்த அழுத்தம் கூடியிருக்கும்போது இதயச் சுவரில் உள்ள பெரிய ஓட்டைகூட ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி எழுப்பாமல் இருக்கலாம் என்பதால், சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிறந்த சில வாரங்களுக்குள் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலான சுவர் முழுமையாக உருவாகாத வகைக்கு முதல் ஆறு மாத அளவில் அறுவை சிகிச்சை செய்வது வழக்கம். ‘கொஞ்சம் எடை போடட்டும், ஒரு வயது ஆகட்டும்’ என்று குடும்பம் தள்ளிப்போட்டால், நுரையீரல் இரத்தக்குழாய்கள் திரும்ப முடியாத அளவுக்கு இறுகி, அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பே கைநழுவிவிடும்.

அதற்கடுத்த மூன்றும், அதாவது தைராய்டு, செவி, உறக்கம் ஆகியவை, சத்தமில்லாமல் வளர்ச்சியைத் தின்பவை. தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி, மந்தம் என்று தோன்றும் அறிகுறிகள் அனைத்தும் டவுன் சிண்ட்ரோமின் இயல்பாகவே கருதப்படக்கூடியவை. பிறந்தவுடன், ஆறாம் மாதம், ஓராண்டு நிறைவு, பின்னர் ஆண்டுதோறும் என்று இரத்தப் பரிசோதனை செய்தாலன்றி அதைப் பிரித்தறிய வழியில்லை. எம்.சி. சுப்பிரமணியம் 1953இல் தொடங்கிய பப்ளிக் ஹெல்த் சென்டர் லேக் வியூ சாலையில் இருக்க, தெருவுக்கு ஒரு பரிசோதனைக்கூடமும் இருக்கும் மேற்கு மாம்பலத்தில் டி.எஸ்.எச். என்னும் தைராய்டு சோதனை பெரிய காரியமன்று. குழந்தையின் பிறந்தநாளையே அதற்கு அடையாளமாக வைத்துக்கொண்டால் மறதிக்கும் இடமிராது. செவியின் கதையும் இத்தகையதே. குறுகிய செவிக்குழாயாலும் நடுச்செவியில் நீர் தேங்குவதாலும் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு காலத்தில் கேட்கும் திறன் குறைகிறது. பேச்சு வளர வேண்டிய ஆண்டுகளில் சொற்கள் பஞ்சு வழியே வருவதுபோல் மங்கி வந்தால், பேச்சுப் பயிற்சிக்குச் செலவிடும் பணமும் உழைப்பும் பாதி வீணே. குழந்தை வாயைத் திறந்து குறட்டை விடுவதையும், தலையை முழங்காலில் கவிழ்த்து உட்கார்ந்த நிலையில் உறங்குவதையும் பார்த்து வீட்டார் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. மூச்சுப்பாதை அடைபட்டு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதன் அடையாளமாக அது இருக்கலாம். பகலில் காணும் பிடிவாதத்துக்கும் கவனக்குறைவுக்கும் காரணம் இரவில் இருக்கக்கூடும் என்பதாலேயே, நான்கு வயதுக்குள் ஒருமுறை உறக்க ஆய்வு செய்யுமாறு மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

கழுத்து பற்றி ஒரு சொல். தசைநார்கள் தளர்ந்திருப்பதால் முதலிரண்டு கழுத்தெலும்புகளுக்கிடையே நிலையின்மை சிலருக்கு இருக்கலாம். யோகா வகுப்புக்கு அனுப்பும் வீடுகள் சிரசாசனத்தையும் குட்டிக்கரணத்தையும் தவிர்ப்பது நல்லது. நடை திடீரென்று மாறினாலோ, கட்டுக்குள் இருந்த சிறுநீர் மீண்டும் கட்டுமீறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வளர்ச்சி தாமதமாக வரும், ஆனால் வரும். தசைத்தளர்ச்சியால் நடப்பதற்குச் சராசரியாக இரண்டு வயதாகிறது. இந்த இடைக்காலத்தில் அளிக்கப்படும் தொடக்கநிலைப் பயிற்சியில் சென்னைக்கு நீண்ட அனுபவம் உண்டு. தன் மகளின் பொருட்டுத் தேடத் தொடங்கிய சுரேகா ராமச்சந்திரன், டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா வழியாகப் பெற்றோரை ஒருங்கிணைத்தது இந்நகரில்தான். மேற்கு மாம்பலத்திலிருந்து துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்தால் தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையில் இருக்கும் மதுரம் நாராயணன் மையம், 1989 முதல் ஆறு வயது வரையான குழந்தைகளுக்கு ‘உபநயன்’ என்னும் பயிற்சித் திட்டத்தை நடத்திவருகிறது. உடலசைவு, தன் வேலையைத் தானே செய்தல், மொழி, அறிதல், பழகுதல் என்று திறன்களைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, தாயையும் உடன் இருத்திக் கற்பிப்பது அதன் முறை. மையத்தில் கழியும் ஒரு மணி நேரத்தைவிட வீட்டில் கழியும் மற்ற மணிநேரங்களே மிகுதி என்பதை உணர்ந்து, பாயில் குப்புறப் போட்டுக் கொஞ்சுவதையும், கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குக் கொண்டைக்கடலையை மாற்றுவதையும், கொத்தமல்லி ஆய்வதையும் பயிற்சியாக்கிய வீடுகளில் முன்னேற்றம் நின்று நிலைக்கிறது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மிகுந்த தவறான அறிவுரை புழங்குவது இதில்தான். இக்குழந்தைகள் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது அதிகம். காதால் கேட்டதை நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்ததை வைப்பது எளிது. ஆகவே பேச்சு வரும்வரை கைச்சைகையைத் தடுக்கக் கூடாது. சைகை பேச்சுக்குப் பாலமாகிறது. படமும் எழுதிய சொல்லும் பேச்சுக்கு முன்பே வரலாம். ‘ஒரு மொழியே கஷ்டம், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்ற அறிவுரை கேட்டுப் பாட்டியோடு பேச மொழியில்லாமல் போன குழந்தைகள் உண்டு. இருமொழிச் சூழலில் வளரும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் அதனால் பின்தங்குவதில்லை என்றே வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தாத்தா பாட்டியும் காய்கறிக்காரரும் பேசும் தமிழைக் குழந்தையிடமிருந்து பறிப்பது, அதன் மனிதர்களையே பறிப்பதாகும்.

தெருவும் ஒரு பள்ளியே. மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையில் ஒரே மளிகைக் கடைக்கு, ஒரே சாமானுக்கு, எழுதிய சீட்டோடும் சரியான சில்லறையோடும் வாரந்தோறும் அனுப்பப்படும் பிள்ளை, பணம், வரிசை, வணக்கம், சாலை கடத்தல் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கற்கிறது. கடைக்காரர் கேள்வியைப் பின்னால் நிற்கும் அம்மாவிடம் கேட்காமல் பிள்ளையிடமே கேட்குமாறு முன்கூட்டிச் சொல்லிவைப்பது இதில் பாதி வெற்றி.

பதினெட்டு வயது நிறைந்தபின் சட்டப் பாதுகாவலர் நியமனத்துக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது; அச்சட்டத்தின்கீழ் ‘நிராமயா’ காப்பீடு ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இவற்றைப் பெற்றோர் தெம்பாக இருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மருத்துவ முன்னேற்றத்தால் இன்று டவுன் சிண்ட்ரோம் உடையோர் பலர் அறுபதைத் தொடுகின்றனர். மறதிநோயோடு தொடர்புடைய புரதத்துக்கான மரபணு ஒன்று 21ஆம் குரோமோசோமிலேயே இருப்பதால், அல்சைமர் நோய் இவர்களிடம் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாக, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும், தலைகாட்டுகிறது. எனினும் நாற்பத்தைந்து வயதில் ஒருவர் தமக்குத் தெரிந்த தெருவில் தயங்கி நின்றால், அதை மறதிநோய் என்று முடிவுகட்டுமுன் தைராய்டு, செவி, கண்புரை, உறக்கம், மனச்சோர்வு ஆகிய ஐந்தையும் சோதித்துவிட வேண்டும். குழந்தைப்பருவத்தில் கேட்ட அதே விடை அப்போது ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று வேறு சொற்களில் வந்து நிற்கும்.