பல்லாங்குழியும் வகுத்தல் கணக்கும்

வகுப்பில் விளையாட்டு வேண்டும் என்னும் அபிப்பிராயம் இப்போது எல்லா உபாத்தியாயர்களிடமும் இருக்கிறது. எந்த விளையாட்டு, எவ்விதம் என்னும் விசாரந்தான் குறைவாக இருக்கிறது. பரமபதப் படத்தை விரித்து, கேட்ட வினாவுக்குச் சரியான விடை சொன்ன பிள்ளை தாயக்கட்டையை உருட்டலாம் என்று ஏற்பாடு செய்த வகுப்புகளைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆரவாரத்துக்குக் குறைவில்லை, ஆயினும் பிள்ளைகளின் கண் பாம்பின் வாயிலேயே இருக்கிறது, வினாவில் இல்லை. ஏற்றத்தையும் இறக்கத்தையும் அங்கே நிர்ணயிப்பது அதிர்ஷ்டம். பாடம் வாசலில் வசூலிக்கும் சுங்கம் மாத்திரமே.

பல்லாங்குழி அப்படியன்று. எங்கள் ஐந்தாம் வகுப்பில் பலகைக்குக் காத்திராமல், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பதினான்கு வட்டங்கள் வரைந்து, வட்டத்துக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டைகளை இட்டு ஆடச் செய்தேன். ஒரு சுற்று முடிந்து, தோற்றவளிடம் 27 விதைகள் நின்றால், ஐந்து குழிகளை நிரப்பிய பிறகு இரண்டு விதைகள் மீதியாகும். நிரம்பாத இரண்டு குழிகள் அடுத்த சுற்றில் ஆட்டத்துக்கு உதவா. வகுத்தலில் மீதி என்பது எதற்கு என்று கரும்பலகையின் முன் விளங்காமல் விழித்த பிள்ளை, அந்த மீதியால் தன் குழி பறிபோவதைக் கண்டதும், இன்னும் எத்தனை விதை சேர்ந்தால் குழி மீளும் என்று தானாகவே கணக்கிடத் தொடங்கிவிடுகிறாள்.

இதில் நான் விடாப்பிடியாக வற்புறுத்துவது ஒன்று உண்டு: விதைகளைக் கையில் எடுத்ததும், இடுவதற்கு முன்னால், கடைசி விதை எந்தக் குழியில் விழும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்பதை ஆட்டமே அந்தக் கணத்தில் காட்டிவிடுவதால், பிழைத்த பிள்ளை என் முகத்தைப் பார்த்து அஞ்ச வேண்டிய அவசியமில்லை; அடுத்த முறை இன்னும் நிதானமாக எண்ணுகிறது. குழியில் பதினான்கு விதை சேர்ந்தால் எடுத்த இடத்துக்கே திரும்பி வருமே என்று ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னபோது, அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அதையே எல்லோருமாக ஆராய்ந்தோம். பதினைந்தானால் என்ன, முப்பதானால் என்ன என்று கேள்விகள் தாமாகவே வளர்ந்தன.

பரிசு கொடுப்பதில்லை. மிட்டாய் வந்துவிட்டால் ஆட்டத்தின் சுவாரஸ்யம் மிட்டாய்க்குப் போய்விடும் என்பது என் திடமான நம்பிக்கை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், தான் நிற்கும் படியையும் ஏற வேண்டிய அடுத்த படியையும் ஏணிப் படத்தில் குழந்தையே பார்த்துக்கொள்ள வழி செய்திருந்தார்கள். பரிசைவிட மேலான தூண்டுதல் அது என்றே கருதுகிறேன்.

ஜோடி சேர்ப்பதில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். ஏறத்தாழச் சம வேகமுள்ள இருவரை எதிரெதிரே உட்கார்த்தி, வாரந்தோறும் மாற்றிவிடுங்கள். மிக விரைந்து எண்ணும் பிள்ளையின் எதிரே மெல்ல எண்ணும் பிள்ளை அமர்ந்தால், அது விரலை மடக்குவதற்குள் எதிராளி விடையைச் சொல்லிவிடுகிறது.