வீட்டுப் பரணிலுள்ள பழைய குளவிக்கூட்டை அகற்றும் முறை

விதை வெங்காயப் பிடிகளையும் விதைநெல் மூடைகளையும் வீட்டுப் பரணிற் சேமித்து வைத்தல் கமக்காரரிடையே உள்ள வழக்கமாகும். சேமித்த பின்னர்ப் பல மாதங்களுக்கு எவரும் அங்கு ஏறுவதில்லை. மழை படாத, மனித நடமாட்டமற்ற இவ்விடம் குளவிகள் கூடு கட்டுதற்கு மிகவும் ஏற்றது. போகம் தொடங்கும்பொழுது விதையை எடுக்க ஏறுபவர் கூட்டைக் கண்டு, அது பழையது எனக் கருதித் தடியால் தட்டிவிடுவதுண்டு. உள்ளே குளவிகள் இருப்பின், ஏணியிலிருந்து விழுதலும், பல கொட்டுகளால் உயிரிழத்தலும் நேரலாம். ஆதலின் கூட்டைத் தொடுமுன் அது குடியுள்ள கூடா, வெறுங்கூடா என அறிதலே முதல் வேலையாகும்.

குளிர் நாடுகளில் மாரி காலத்திற் குளவிக் கூட்டம் அழிந்து கூடு வெறுமையாகிவிடும். இலங்கையில் அத்தகைய கடுங்குளிர் இன்மையால், ஆண்டின் எம்மாதத்திலும் கூட்டிற் குளவிகள் இருத்தல் கூடும். நிறம் மங்கி, தூசி படிந்திருப்பதை மட்டும் கொண்டு கூடு வெறுமையானது எனத் துணிதல் தவறு.

கூட்டின் வகைகள்

1. மண்கூடு: வளையிலோ சுவரிலோ ஒட்டிய மண் கட்டி போன்றது. தனித்து வாழும் பெண்குளவி ஒன்று இதனைக் கட்டிச் சிலந்திகளையோ மயிர்க்கொட்டி முதலிய புழுக்களையோ குஞ்சுகளுக்கு இரையாக அடைத்து வைக்கும். கூட்டைக் காக்கும் பொருட்டு இது கூட்டமாக வந்து தாக்குவதில்லை. மண்ணில் வட்டமான துளைகள் காணப்படின் குஞ்சுகள் வளர்ந்து வெளியேறிவிட்டன எனக் கொள்ளலாம்.

2. மூடியில்லாக் கடதாசிக் கூடு: சிறு காம்பில் தொங்குவது, அறுகோண அறைகள் வெளியே தெரியும். குளவிகள் கூட்டின் மேலேயே அமர்ந்திருப்பதால் தொலைவிலிருந்தே காணலாம்.

3. மூடிய கடதாசிக் கூடு: பந்து அல்லது பேரிக்காய் வடிவினது, மேலுறையில் கபில நிற வரிகள் இருக்கும், ஒரு வாயில் உண்டு. கரிய உடலில் அகன்ற மஞ்சட் பட்டியுள்ள பெருங்குளவிகள் இதனைக் கட்டுகின்றன. இவை உறையினுள் மறைந்திருப்பதால் ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் இக்கூட்டினாலேயே ஆகும்.

சோதிக்கும் முறை

வெயிலுள்ள காலை வேளையில், வீட்டிற்கு வெளியே இருபது அல்லது முப்பது அடி தூரத்தில் நின்று, கூரை இறப்பையும் சுவர்த் துளைகளையும் அரைமணி நேரம் கவனித்தல் வேண்டும். ஒரே துளையாற் குளவிகள் போய் வரின் கூடு குடியுள்ளதாகும். மழை நாளில் அவை அதிகம் வெளிச் செல்லாமையால் அன்றைய சோதனை பயன்படாது. இரண்டு மூன்று நாட்கள் ஒன்றும் காணப்படாமல், கூட்டின் வாயிலிற் சிலந்திவலையும் படிந்திருப்பின் அது வெறுங்கூடு எனக் கொள்ளலாம். கல்லெறிந்தோ, கூட்டின் மீது மின்சூள் ஒளி பாய்ச்சியோ சோதித்தல் ஆகாது.

வெறுங்கூட்டை அகற்றல்

மாலையில் அல்லாது நல்ல பகல் வெளிச்சத்தில் இவ்வேலையைச் செய்க. நீண்ட கையுள்ள சட்டை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக் கொள்க. ஏணியை ஒருவர் பிடித்தல் வேண்டும். கூட்டின் கீழே சாக்கொன்றை விரித்துப் பிடித்து, தட்டையான கத்தியால் அடிக்காம்பைச் சுரண்டி எடுக்க. பழைய கூட்டினுள் கரப்பான், தேள், பூரான் ஆகியன ஒதுங்கியிருக்கலாமாதலின் வெறுங்கையால் எடுத்தலாகாது. கடதாசிக் கூடு மரநாரினால் ஆனமையால் கூட்டெருக் குழியில் இட்டால் உக்கிவிடும். மண்கூட்டை உடைத்துத் தோட்டத்திற் போடலாம்.

குடியுள்ள கூடாயின்

மூடிய கூட்டைத் தாமே அகற்ற முயலுதல் கூடாது. தடித்த உடை, கையுறை, முகவலை ஆகியவற்றுடன் இவ்வேலையிற் பழகியவரைக் கொண்டே அகற்றுவித்தல் வேண்டும். அதுவரை பரணை மூடி, பிள்ளைகளை அப்பகுதிக்கு விடாதிருக்க. பந்தம் கொளுத்துதலும் மண்ணெண்ணெய் ஊற்றுதலும் கிடுகுக் கூரையையும் விதையையும் ஒருங்கே எரித்துவிடும். பயிருக்கு விசிறும் பீடைகொல்லியைப் பரணில் விசிறுதலும் ஆகாது. உணவிலும் விதையிலும் நஞ்சு படியும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மருந்துகளையும் சுட்டுத்துண்டிற் கூறப்பட்ட தேவைக்கே பயன்படுத்தல் வேண்டும்.

வீட்டிற்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத இடத்திலுள்ள கூடுகளை அழிக்க வேண்டியதில்லை. குளவிகள் கோவா, போஞ்சி முதலிய பயிர்களிலுள்ள புழுக்களைப் பிடித்துத் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவதால் கமக்காரருக்கு நன்மையே செய்கின்றன.

குளவி கொட்டினால்

அடித்துக் கொல்ல நில்லாது உடனே அவ்விடத்தை விட்டு அகலுக. நசுங்கிய குளவியின் மணம் ஏனையவற்றையும் தூண்டும். கொட்டிய இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக் குளிர்ந்த ஈரத்துணி வைக்க. விரலிலுள்ள மோதிரத்தைக் கழற்றுக. சுண்ணாம்பு, மண் ஆகியன பூச வேண்டாம். மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், உடலெங்கும் தடிப்பு, வாந்தி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், வாயிலோ தொண்டையிலோ கொட்டினும், பல குளவிகள் கொட்டினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். பல கொட்டுகள் பட்டவர் நலமாயிருப்பதாகத் தோன்றினும் வைத்தியரிடம் காட்டப்பட வேண்டும். சிறுநீரகம் பின்னர்ப் பழுதடையக்கூடும். சிறுநீர் குறைதலும் கறுத்துப் போதலும் இதன் அறிகுறிகளாம்.

மீண்டும் கட்டாதிருக்க

கூட்டை அகற்றிய அன்றே சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெடிப்புகளைச் சாந்தினால் அடைக்க. வெங்காயத்திற்குக் காற்றோட்டம் அவசியமாதலின் காற்று வாயில்களை அடைத்துவிடாது, சிறுகண்ணுள்ள கம்பிவலை பொருத்துக. பரணில் விதை வைத்த நாள் முதல் மாதம் ஒருமுறை, காலை வெளிச்சத்தில், ஏறுமுன் வாயிலில் நின்று முகட்டையும் வளைகளையும் நோக்குக. புதுக் கூடு நாணயமளவில், ஓரிரு குளவிகளுடன் இருக்கும்பொழுதே கண்டுகொண்டால், அதனை அகற்றுவித்தல் எளிது.