வீடு கொள்ளாத புத்தகங்களை வழியனுப்ப

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. பக்கத்தில், சிங்காரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறி, கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளில் கிடந்த புத்தகங்கள் ஊறிப்போயின. பாதிக்கு மேல் பத்து வருடமாக யாரும் திறக்காதவை. காய்ந்த நிலையில் யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம். அந்த வருத்தத்தில் தொடங்கிய வேலையில் கற்றுக்கொண்டவை இவை.

1. மாசி, பங்குனியில் ஆரம்பியுங்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லாவற்றையும் இறக்கித் துடைப்போம். ஆனால் அப்போது மழை வாசலில் நிற்கும், இறக்கியது தரையிலேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். பீரோ முழுவதையும் ஒரே நாளில் கொட்டினால், இரவு படுக்க இடமில்லாமல் அப்படியே திருப்பி அடுக்கிவிடுவோம்.

2. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது, 'இனிமேல் படிப்பேனா?' என்று கேட்காதீர்கள். மனசு எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்லும். 'மறுபடி வேண்டுமென்றால் கிடைக்குமா?' என்று கேளுங்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போடுகின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் காசில்லாமலே படிக்கலாம். பாரதியார் நூல்களும் அப்படியே. வீட்டில் மூன்று பிரதி இருந்தால் இரண்டு தாராளமாகப் போகலாம். அப்பா கையெழுத்துப் போட்ட பிரதி மட்டும் இருக்கட்டும்.

3. பைண்டு செய்த தொடர்கதைகளை எடைக்குப் போடாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒரே ஒரு குறிப்பைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதையே செய்யுங்கள். வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி நம் பாட்டிமார்கள் வைத்த கட்டுகள் பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். ஆனால் 1950-இல் கல்கி இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்களும், ஆனந்த விகடனில் தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு வரைந்த படங்களும் முதலில் வந்தது அந்தத் தாள்களில்தான். பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படமே கிடையாது. கதைப் பக்கத்தின் பின்புறம் இருக்கும் சோப்பு விளம்பரமும் சினிமா துணுக்கும்கூட அந்தக் காலத்தைப் படிப்பவர்களுக்குத் தேவைப்படும். முதல் பக்கத்தையும் ஏதாவது ஒரு படப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவண நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

4. அம்புலிமாமா, முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்களைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக வந்த சோவியத் சிறுவர் நூல்களும் அப்படித்தான். 1991-க்குப் பிறகு அந்த வரத்தே நின்றுவிட்டது. பழைய பேப்பர்காரரின் தராசில் இவையும் செய்தித்தாளும் ஒன்றுதான்.

5. தேர்வுப் புத்தகங்களில் இரக்கம் வேண்டாம். போன வருடத்துக்கு முந்தைய நடப்பு நிகழ்வுத் தொகுப்பு, பாடத்திட்டம் மாறிய கைடு, பழைய வினா வங்கி எல்லாம் பேப்பர் கடைக்கே. இவற்றை 'தானம்' என்று கொடுத்தால் ஏழைப் பிள்ளை தப்பானதைப் படித்துவிட்டுப் போய்த் தேர்வு எழுதும். பழைய சமச்சீர்ப் பாடநூல்கள் மட்டும் விதிவிலக்கு. டிஎன்பிஎஸ்சி எழுதும் பிள்ளைகள் அவற்றை இன்னும் கேட்கிறார்கள்.

6. கிளை நூலகத்துக்குக் கொடுப்பதானால் முதலில் பட்டியலோடு போங்கள், மூட்டையோடு போகாதீர்கள். பதிவேட்டில் ஏறிய புத்தகத்தை நூலகர் தன் இஷ்டத்துக்குக் கழிக்க முடியாது. அவர் தயங்குவதற்கு அதுதான் காரணம், அலட்சியம் அல்ல. தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு மூன்றும் எழுதிக் கொடுத்தால் வேண்டியதை அவரே குறித்துக் கொடுப்பார்.

7. நம் மாவட்டத்து வீடுகளில் தெலுங்கு, கன்னடம், உருது புத்தகங்களும் இருக்கும். தாத்தா வாசித்த எழுத்தைப் பேரனுக்கு வாசிக்கத் தெரியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த மூன்று மொழி வழியிலும் அரசுப் பள்ளிகள் உண்டு. தலைமையாசிரியரைக் கேட்டுவிட்டுக் கதைப் புத்தகங்களைக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கடையில் கிடைப்பது தமிழ்ப் புத்தகங்களைவிடக் குறைவு.

8. விற்க வேண்டுமென்றால் ஆங்கில நாவல்களுக்கும் பொறியியல் நூல்களுக்கும் பெங்களூரு அவென்யூ ரோடு, சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள் உண்டு. முதுகுப்பக்கம் தெரியும்படி அடுக்கிப் படம் எடுத்து அனுப்பி, வேண்டும் என்று சொன்ன பிறகு பஸ் ஏறுங்கள்.

9. தூரத்து நண்பருக்கோ நூலகத்துக்கோ அனுப்ப அஞ்சல் துறையின் 'கியான் போஸ்ட்' இருக்கிறது. 2025 மே முதல் நடப்பில் உள்ளது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். விளம்பரம் நிறைந்த வார இதழ்களுக்கு இது பொருந்தாது.

10. மாம்பழப் பெட்டியில் கட்டாதீர்கள். நம் ஊரில் அதுதான் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் காற்றுத்துளையும் பழச்சாறும் வைக்கோலும் பூச்சிக்கு விருந்து. மருந்துக்கடை அட்டைப்பெட்டி சின்னது, உலர்ந்தது. ஓர் அடி நீளம் அடுக்கினாலே ஏறக்குறைய 10 கிலோ வரும், பெரிய பெட்டி இடுப்பைப் பிடித்துவிடும்.

11. ராமபாணப் பூச்சி அரித்த புத்தகத்தை அப்படியே தானம் கொடுத்தால், வாங்குகிறவர் அலமாரிக்கும் பூச்சியைக் கொடுத்ததாகிறது. காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டு, பிறகு தூசி தட்டுங்கள்.

12. நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டு நாங்கள் கெடுத்தோம். தாள் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நிழலில், விசிறிக் காற்றில், லேசாக விரித்து நிமிர்த்தி வையுங்கள். இடையிடையே எழுத்தில்லாத வெள்ளைத் தாளைச் செருகி மாற்றுங்கள். வழவழப்புத் தாள் ஒட்டினால் பிரிக்க முடியாது. கையில் நேரமில்லையென்றால் அதையும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது.

13. எது யாருக்கு என்று இப்போதே எழுதி வையுங்கள். மறைமலையடிகள் தம் நூல்கள் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று விட்டுச் சென்றதால்தான் சென்னையில் 1958-இல் அவர் பெயரில் நூலகம் எழுந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் இறந்தபோது, சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் கொண்ட அவர் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் சிதறாமல் மொத்தமாக வாங்கியது. 1994-இல் அது நூலகமானது. நம் வீட்டுக்கு அப்படி யாரும் தேடி வரமாட்டார்கள். நாம் போன பதினாறாம் நாள் முடிந்ததும், ஓசூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் லீஸுக்கு இருக்கும் மகன் பழைய பேப்பர்காரரைத்தான் கூப்பிடுவான். அவன் மேல் தப்பில்லை, எது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு முழுத்தாளில் தட்டு எண், எந்த நூலகத்துக்கு, எந்த நண்பருக்கு, யாருடைய கைபேசி எண் என்று எழுதி, பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பசை வேண்டாம், பூச்சி வரும். காந்தத் துண்டு போதும்.