துணைக்கோள் தரும் நேரமும் அதன் தாமதமும்

வழிகாட்டும் துணைக்கோள்கள் இடத்தை மட்டுமன்றி நேரத்தையும் அறிவிக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. தரையிலுள்ள ஏற்பி, பல துணைக்கோள்களின் அலைகளை ஒருங்கே பெற்றுத் தன் கடிகாரத்தைத் திருத்திக் கொள்கிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து அலை தரையை அடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு காலம் ஆகிறது. இந்தத் தாமதத்தை ஏற்பியே கணக்கிட்டு நீக்கிவிடும். வானில் அயனி மண்டலம் விளைக்கும் தாமதத்தையும் அது பெரும்பாலும் திருத்திவிடும். ஆனால் தன் அருகில் நேரும் தாமதத்தை அது தானே அறியாது.

கூரைமேலுள்ள ஆண்டெனாவையும் அறையிலுள்ள ஏற்பியையும் இணைக்கும் கம்பியைக் கருதுவோம். ஒளி ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், வெட்டவெளியில் 30 சென்டிமீட்டர் செல்லும். கம்பியில் செல்லும் குறி அதனினும் மெதுவானது. மீட்டருக்குச் சுமார் 5 நானோ வினாடி எடுக்கும். ஆகவே 30 மீட்டர் கம்பி 150 நானோ வினாடித் தாமதம் விளைக்கும். இவ்வளவை ஏற்பிக்கு அறிவிக்காவிடில், அது காட்டும் நேரம் என்றும் அந்த அளவு பின்தங்கியே நிற்கும்.

ஏற்பி நேரத்தை இருவகையாக வெளியிடுகிறது. ஒவ்வொரு வினாடியின் தொடக்கத்திலும் ஒரு மின்துடிப்பு வரும். அது எந்த வினாடி என்பதை எழுத்துச் செய்தி கூறும். வழக்கமான 9600 வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப ஏறத்தாழ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆவதால், முழுச் செய்தி வந்து சேர்வதற்குள் துடிப்பு வந்து நெடுநேரமாகியிருக்கும். எனவே வினாடியின் பெயரைச் செய்தியிலிருந்தும், அதன் தொடக்கத்தைத் துடிப்பிலிருந்தும் கொள்ளுதல் வேண்டும்.

இத்தகைய தாமதம் எவ்வளவு பெரிய மயக்கத்தை விளைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் கூடத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில், இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் ஓர் ஆய்வுக்கூடம் உள்ளது. செர்னிலிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி அங்கு வந்ததாக 2011 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அது உண்மையாயின் ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையே ஆட்டங்கண்டிருக்கும். 2012-இல் காரணம் வெளிப்பட்டது. துணைக்கோள் நேரத்தைத் தரைமட்டத்திலிருந்து மலைக்கடிக்குக் கொண்டு சென்ற ஒளியிழையின் இணைப்பு சரியாக முடுக்கப்படவில்லை. அதனால் குறி ஏறத்தாழ 73 நானோ வினாடி தாமதித்தது. கடிகாரம் பின்தங்கியதால் துகள்கள் முன்னதாக வந்தனபோல் தோன்றின. எதிர்த்திசையில் இருந்த வேறொரு சிறு பிழை இதில் ஒரு பகுதியை மறைத்திருந்தது.

துணைக்கோளின் கடிகாரம் எத்துணை நுட்பமாயினும், கம்பியும் இணைப்பும் அளக்கப்படாவிடில் அந்த நுட்பம் பயன்படாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.