இழைக் கூட்டுப்பொருள்: வளையாது, உடையும்?

நம்பிக்கை: பிசினில் இழைகளைப் பதித்துச் செய்யும் இழைக் கூட்டுப்பொருளில் நிலைத்த உருமாற்றமே கிடையாது, சுமையை எடுத்தால் பழைய வடிவம், எல்லை மீறினால் பட்டென்று முறிவு.

பாதி உண்மை. இழையின் திசையில் இழுத்தால் அப்படித்தான்: கார்பன் இழை சுமார் 2 விழுக்காடு நீள்வதற்குள் அறுந்துவிடும், அதுவரை சுமைக்கு எதிராக நீட்சியைக் காட்டும் வரைகோடு ஏறக்குறைய நேராகவே ஏறும். இழைகளைப் பிணைக்கும் எபாக்சி பிசின் வேறு ரகம். இழைகளை 45 பாகை சாய்வில் மாறிமாறி அடுக்கிய தகட்டை இழுத்தால், பிசின் சறுக்குப்பெயர்ச்சிக்கு ஆளாகிறது. வரைகோடு சீக்கிரமே சாய்கிறது. சுமையை எடுத்த பிறகும் தகடு சற்று நீண்டே நிற்கிறது.

இத்தகைய சாய்ந்த சுமை நடைமுறையிலும் வரும். புனேயின் திகியில் உள்ள, இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் பொறியியல் ஆய்வகம் வடிவமைத்து, கோவாவின் கினேகோ நிறுவனம் தயாரித்த கூட்டுப்பொருள் சோனார் கவிகை (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவியை மூடும் ஓடு) 2016 நவம்பரில் இந்தியக் கடற்படைக்குக் கையளிக்கப்பட்டது. கப்பலின் அடியில் நீரைக் கிழித்துச் செல்லும் அத்தகைய ஓட்டில், விசை இழையின் திசை பார்த்து வருவதில்லை.

நம்பிக்கை: உலோகத்துக்கான சூத்திரத்தைக் கணினியில் போட்டால் போதும்.

உலோகம் எப்போது நிலைத்த உருமாற்றத்துக்கு இளகும் என்று வான் மீசஸ் 1913இல் தந்த விதிக்கு எல்லாத் திசையும் ஒன்றே. சுற்றிலும் சமமாக அழுத்தும் அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல. கூட்டுப்பொருளில் இந்த இரண்டுமே பொய்க்கின்றன. பிசின் இழுவிசையைவிட அமுக்கத்தில் தாமதமாகவே இளகும். ஹில் 1948இல் திசை வேறுபாட்டைச் சேர்த்தார், ஆனால் அவர் மனத்தில் இருந்தது உருட்டிய உலோகத் தகடு. சன், சென் இருவரும் 1989இல் இழைத் திசையில் நிலைத்த உருமாற்றம் இல்லை என்று வைத்துக்கொண்டு, மற்றத் திசைகளின் வேறுபாட்டை ஒரே மாறிலியில் அடக்கினர். சோதனைச் செலவு குறைவு என்பதே அந்த மாதிரியின் பெரிய பலம்.

நம்பிக்கை: வரைகோடு சாய்ந்தால் அது நிலைத்த உருமாற்றம்தான்.

நுண்விரிசல்களும் அதே சாய்வைத் தரும். ஒரே இழுப்பில் இரண்டையும் பிரிக்க முடியாது. ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். இறக்கிய பின் எஞ்சும் நீட்சி நிலைத்த உருமாற்றம். விறைப்பு குறைந்திருந்தால் அது சேதம். லாதெவெஸும் லெ தாந்தெக்கும் 1992இல் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தனர். இவற்றைக் கலந்துவிட்டால், மோதலில் எவ்வளவு ஆற்றல் உறிஞ்சப்படும் என்ற கணிப்பு தவறிவிடும்.

நம்பிக்கை: பிசின் வெறும் பசை.

இழைத் திசையில் அமுக்கும்போது முடிவெடுப்பது பிசின்தான். இழை ஓரிரு பாகை கோணலாக இருந்தாலே போதும்; பிசின் சறுக்கி இளகும், இழைகள் மேலும் சாய்ந்து மடியும். அமுக்க வலிமையை இழையின் இழுவலிமையிலிருந்து கணிப்பது பிழை.