களுத்துறையில் வீணான 12 கண்ணாடித் தட்டுகள்

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரியான் நோர்த் என்ற ஆங்கிலேய ஓவியர் களுத்துறையிலிருந்த ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். தாவரங்களை வரைவதற்காகவே தனியாக உலகம் சுற்றிய பெண் அவர். வீட்டுக்காரி ஜூலியா மார்கரெட் கமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்த இவர், 48 வயதில்தான் முதற் கமராவைப் பெற்றார். பின்னர் முகங்களைப் படம் பிடிப்பதில் பெரும் புகழடைந்து, 1875இல் கணவருடன் இலங்கையில் குடியேறினார்.

இங்கிலாந்தில் கமரனின் ஒளிப்படக்கூடம் ஒரு பழைய கோழிக்கூடு. எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்பதை அங்கே அவரே தீர்மானித்தார். களுத்துறையிலோ கையில் கிடைத்தவை தென்னையும் உச்சி வெயிலும்தான். விருந்தாளிக்குக் கம்பளிச் சால்வைகளைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகளுக்கிடையே நிறுத்தினார். ஓலை தலையில் குத்தியது, வெயில் கண்ணில் அடித்தது, வெப்பமானி 96 பாகை பரனைற்றைக் காட்டியது. அந்த நிலையில்தான் "இயல்பாக நில்லுங்கள்" என்ற கட்டளை! பிறகு ஈரப்பலா இலைகளையும் காய்களையும் யன்னற் கதவில் அறைந்து பின்னணியாக்கிப் பார்த்தார். அதுவும் சரிவரவில்லை. 12 தட்டுகள் வீணாயின என்று நோர்த் தம் நினைவுக் குறிப்பில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

அக்காலத்தில் ஒரு தட்டு என்பது சிறிய விடயமல்ல. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து உருத்துலக்கியும் முடிக்க வேண்டும். வெப்பத்தில் ஈரம் விரைவாகக் காயும். கமரனின் படங்களுக்குச் சில நிமிடங்கள்கூட அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அதற்குள் காற்றில் ஓலை ஆட, முகத்தில் விழும் ஒளிப்பொட்டுகளும் இடம் மாறிக்கொண்டேயிருக்கும்.

மர நிழலில் அந்தப் பொட்டுகள் ஏன் வட்டமாக விழுகின்றன தெரியுமா? இலைகளின் சிறு இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமராவாகிச் சூரியனின் விம்பத்தையே நிலத்தில் விழுத்துகிறது. சூரிய கிரகணத்தன்று பார்த்தால் எல்லாம் பிறையாகத் தெரியும். (இதை இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்.) அழகான காட்சிதான். ஆனால் முகத்தில் விழுந்தால் தேமல் போலிருக்கும்.

கைத்தொலைபேசிக்கும் இதே சிக்கல் உண்டு. உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும். பசுமையான செடிக்கு மிக அருகில் நின்றால் முகத்தில் பச்சை படரும். வெளியே படமெடுக்கப் போய் வெயில் ஏறிவிட்டால் மரத்தடியை விட்டு விறாந்தையைத் தேடுங்கள். கூரை மேல்வெளிச்சத்தை மறைக்க, முற்றத்து ஒளி முன்னாலிருந்து மென்மையாக வரும். போதாவிட்டால் வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை எதிரே நிலத்தில் விரித்தால் முகத்தின் கீழ்ப்பகுதியும் துலங்கும்.

கமரன் இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. நோர்த் தம் ஓவியப் பலகையின் முன் வரைந்துகொண்டிருக்கும் படம் அவற்றிலொன்று. எனக்கு அதுதான் பிடிக்கும். அதில் யாரும் அவரை இயல்பாக நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் அவருடைய வேலை இருந்தது.

என் மூத்தம்மாவிடம் "சிரிங்க" என்றால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். முதலில் "எடுக்கட்டுமா?" என்று கேட்பேன். சம்மதித்தால் விறாந்தையில் பாய் இழைக்கும்வரை காத்திருப்பேன். பத்துப் பன்னிரண்டு பன் கோத்த பிறகு கமரா இருப்பதையே மறந்துவிடுவார்.