டுரியான் துங்கலில் வீடு பார்க்கும் தங்கச்சிக்கு



ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் லயன் வீட்டில் வாழ்ந்த தலைமுறை வாடகை ஒப்பந்தத்தைக் கண்டதே இல்லை. வீடு வேலையோடு வந்தது; வேலை போனதும் வீடும் போனது. அதனால் டுரியான் துங்கலிலோ புக்கிட் பெருவாங்கிலோ படிக்க வரும் பிள்ளையிடம் ஏழெட்டுப் பக்கத் தாள் நீட்டப்படும்போது, யோசனை கேட்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஏஜெண்டோ, "எல்லாருக்கும் இதே பேப்பர்தான்" என்று பேனாவை நீட்டிவிடுவார்.

எல்லாருக்கும் ஒரே தாள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மலாக்கா பழைய நகரத்துக் கடைவீடுகள் உட்பட, 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. 1999 முடிவோடு அந்தப் பாதுகாப்பும் ஒழிந்தது. குடியிருப்பு வாடகைக்கென்று புதுச் சட்டம் வரப்போவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு மட்டும் நடக்கிறது. இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்பதெல்லாம் வழக்கமே தவிர விதியல்ல. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டமாவது, வேறு உடன்பாடு இல்லாத இடத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. இங்கே தாளில் என்ன எழுதியிருக்கிறதோ பெரும்பாலும் அதுதான் கணக்கு.

முதலில் டெபாசிட் பகுதிக்குப் போ. 'வீட்டுக்காரர் தம் விருப்பப்படி பிடித்துக்கொள்ளலாம்' என்ற வரி இருந்தால் நிறுத்து. எதற்கு, எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தருவது என்ற மூன்றும் அங்கே எழுதப்பட வேண்டும். சுவர் மங்குவது, குழாய் தேய்வது போன்ற சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை என்றும் சேர்க்கச் சொல். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. மலாக்காவில் இருந்த ஒரு தொழிற்சாலைச் சொத்தை 9 கோடி வெள்ளிக்கு வாங்க வந்த நிறுவனம், முன்பணமாகக் கட்டிய 30 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளியை இழந்தது. கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 2018இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பறிமுதல் செல்லும் என்றது: தொகை நியாயமான அளவில் இருந்தால், உண்மையில் எவ்வளவு நட்டம் என்று விற்பவர் நிரூபிக்கத் தேவையில்லை; மிதமிஞ்சிய தொகை என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை முறித்தவருடையது. பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமை! உன் 1,400 வெள்ளி டெபாசிட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம், 198ஆம் பாரத்தை நிரப்பி. ஆனால் பரீட்சை நேரத்தில் யார் அலைவது?

மாணவர்களை அதிகம் மாட்டிவிடும் வரி, 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்பதுதான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு தரை வீட்டை எடுத்து, பாதியில் இருவர் வெளியேறினால், முழு வாடகையையும் மீதி மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த வரியை எடுக்க முடியாவிட்டால், வெளியேறுகிறவர் மாற்று ஆளை விட்டுப் போகலாம் என்றாவது எழுதி வாங்கு. முறிக்கும் உரிமையையும் பார்: வீட்டுக்காரருக்கு ஒரு மாத நோட்டீஸ் போதும், உனக்கு மட்டும் ஆண்டு முழுவதும் வாடகை என்றால் அது ஒருதலைப்பட்சம்.

'ஏழு நாள் தவறினால் பூட்டு மாற்றப்படும்' என்ற வரி மிரட்டலாகத்தான் இருக்கும். வாடகைக்காலம் முடிந்தபின்னும் குடியிருப்பவரை நீதிமன்றம் போகாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 7ஆம் பிரிவு. அதற்காக வாடகை கட்டாமல் இருக்கலாம் என்று எண்ணாதே. பாக்கிக்காகப் பொருள்களை ஜப்தி செய்ய 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. காலம் முடிந்தும் தங்கினால் இரட்டை வாடகை என்பதும் அநியாயம் போலத் தோன்றும்; 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டமே அதற்கு இடம் தருகிறது.

எல்லாம் பேசித் திருத்தியபின் இருவரும் கையெழுத்திடுங்கள், திருத்திய இடங்களில் சுருக்கொப்பமும். 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. மாதம் 700 வெள்ளி வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் தீர்வை 34 வெள்ளி. உன் கையில் இருக்க வேண்டிய நகலுக்கு இன்னொரு 10 வெள்ளி.

அன்புடன்,
அண்ணன்